பெரியப்பாவின் சி70-ஐ ஓட வைத்த விதம்

பழைய மோட்டார் சைக்கிளில் கை வைப்பதற்கு முன்னால், அதை ஓட்டியவரைத் தேடிப் பிடித்து ஒரு சாயங்காலம் பேசுங்கள். எதைச் சுமந்தது, எந்தப் பக்கம் கட்டிச் சுமந்தது, எந்தப் பாதையில் போய்வந்தது, கடைசியில் ஏன் நின்றது? இதற்கெல்லாம் பதில் கிடைத்துவிட்டால், எங்கே துரு தின்றிருக்கும், எந்தப் பாகம் இன்னும் நன்றாக இருக்கும் என்பது பாதிக்கு மேல் தெரிந்துவிடும். தோட்டத்தில் உழைத்த வண்டிக்கு இது ரொம்பவே பொருந்தும். பட்டணத்து வண்டி கெடுகிற மாதிரி அது கெடுவதில்லை.

நான் சரிசெய்தது எங்கள் பெரியப்பாவின் ஹோண்டா சி70. நீல நிறம், வட்ட விளக்கு, 'ஏ'யில் தொடங்கும், மலேசியாவின் பேராக் மாநில நம்பர். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தபோது தவணையில் எடுத்தது. பிறகு தோட்டம் எண்ணெய்ப் பனையான செம்பனைக்கு மாறியது, தொழிலாளர் வரிசை வீடான லயம் காலியானது, குடும்பம் பட்டணத்துத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்தது. வண்டியும் கூடவே வந்து, வீட்டுப் பின்பக்கம் கோழிக் கூண்டை ஒட்டித் தார்ப்பாய்க்குள் கிடந்தது. பழைய இரும்பு வாங்குகிறவர் வரும்போதெல்லாம் விலை கேட்பார். பெரியப்பா கொடுக்கவில்லை.

இந்த வண்டிக்கும் தோட்டத்துக்கும் ஏன் அவ்வளவு ஒட்டு என்று சொல்லிவிடுகிறேன். சி70-உம் சேர்ந்த சூப்பர் கப் வரிசையின் முதல் வண்டியை ஹோண்டா 1958-இல் வெளியிட்டது. தானாக வேலை செய்யும் கிளட்ச் என்பதால் இடது கைக்கு வேலையில்லை. ஜப்பானில் சாப்பாட்டுக் கடைப் பையன் ஒரு கையில் தட்டைத் தூக்கிக்கொண்டே ஓட்ட வேண்டும் என்று நினைத்துத்தான் அப்படிச் செய்தார்கள் என்பார்கள். இங்கே அந்தக் கை ரப்பர் பால் வாளியைப் பிடித்துக்கொண்டது. காலைத் தூக்கிப் போடாமல் ஏறலாம், செயின் முழுக்க மூடிக்குள் இருக்கும், கால் மறைப்பு சேற்றைத் தடுக்கும். பஸ் கழுவி, மெக்கானிக் வேலை பார்த்து முன்னுக்கு வந்த பினாங்கு லோ பூன் சியூ 1950களின் கடைசியில் ஹோண்டாவை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். அதன் பின் வந்த கப் வண்டிகள் லயத்து வாசலெங்கும் நின்றன. சூப்பர் கப் வரிசையில் பத்து கோடியாவது வண்டி 2017-இல் வெளிவந்தது. உலகத்தில் வேறெந்த மோட்டார் வண்டியும் இந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. அதனால் சாமான் கிடைப்பதில் பெரிய கஷ்டமில்லை. வீட்டில் வைத்து முதன்முதலாகப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல வண்டி எனக்குத் தெரியாது.

சரி, பெரியப்பாவிடம் பேசிய விஷயத்துக்கு வருகிறேன்.

"கடைசியா ஓட்டினப்போ எப்படி இருந்துச்சு பெரியப்பா?"

"நல்லாத்தான் ஓடுச்சு. கண்ணுல புரை விழுந்ததும் டாக்டர் ஓட்டக்கூடாதுன்னுட்டாரு. கொண்டாந்து நிறுத்தினேன், அவ்வளவுதான்."

இது பெரிய தகவல். ஓடித் தேய்ந்த வண்டி வேறு, நின்று கெட்ட வண்டி வேறு. ஓடித் தேய்ந்ததில் கிராங்க், கியர், கேம் செயின், ராக்கர் என்று உள்ளே செலவு காத்திருக்கும். நின்று கெட்டதில் டேங்க்கில் துரு, கார்பரேட்டரில் பிசின், சிலிண்டரில் ஒட்டிக்கொண்ட ரிங், காய்ந்த ரப்பர் சீல், செத்த பேட்டரி, கல்லாகிப் போன டயர். பின்னதற்குப் பணத்தைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும். எங்கள் வண்டி இரண்டாவது ரகம் என்று தெரிந்ததால், எஞ்சினை முழுக்கப் பிளக்கும் எண்ணத்தை அன்றைக்கே விட்டுவிட்டேன்.

அடுத்து அவர் சொன்னது இன்னும் முக்கியம். ஓய்வு பெற்ற பிறகு அவர் கம்பத்துப் (கிராமத்துப்) பக்கம் சின்னதாக ஒரு கித்தாத் (ரப்பர்) துண்டில் பால் வெட்டினார். பாலை உறைய வைக்கும் பார்மிக் ஆசிட்டை இந்த வண்டியில்தான் கொண்டுபோவார். "இடது பக்கம் ஏறி இறங்கணும்ல, அதனால ஆசிட் டின்ன வலது பக்கந்தான் கட்டுவேன்" என்றார். எறும்புக் கடியில் எரிகிற அதே அமிலம்தான் இது. தண்ணீர் கலக்காமல் டின்னில் இருக்கும்போது சொட்டினால் இரும்பையும் விடாது, அலுமினியத்தையும் விடாது. முன்னால் கால் வைக்கும் இடத்தில் உர மூட்டை. பொட்டாஷ் உரம் என்றால் அது ஒரு வகை உப்பு, ஈரக் காற்றைக் குடித்துக்கொண்டு துருவை ஊட்டும்.

தார்ப்பாயை எடுத்துப் பார்த்தபோது அவர் சொன்ன கணக்கு அப்படியே வண்டியில் எழுதியிருந்தது. இடது பின் ஷாக் அப்சார்பர் மேலே மங்கல், கீழே உறுதி. வலது பக்கத்தில் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக அரித்திருந்தது. சைலன்சர் வலது பக்கம்தான், அதன் மேல் முலாம் உரிந்து, கட்டும் கிளிப் கையோடு வந்தது. இடது பக்கம் மட்டும் பார்த்து விலை பேசியிருந்தால் வண்டி நன்றாக இருக்கிறது என்றே சொல்லியிருப்பேன். தோட்டத்து வண்டி வாங்கப் போகிறவர்கள் இரண்டு பக்கமும் குனிந்து பாருங்கள். பின் சக்கரத்தைத் தாங்கும் சுவிங் ஆர்மின் அடிப்பக்கத்தை விரலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி, மந்தமாகக் கேட்டால் உள்ளே அரித்திருக்கிறது.

ஆசிட் பட்ட இடத்தை வெறுமனே தேய்த்துப் பெயின்ட் அடித்தால் அடியிலிருந்து மறுபடி கிளம்பும். சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து அந்தப் பக்கம் முழுவதையும் கழுவினேன். நுரை வருகிற இடத்தில் இன்னும் அமிலம் இருக்கிறது என்று அர்த்தம். நுரை நின்ற பிறகு நிறையத் தண்ணீர் விட்டு, வெயிலில் காய வைத்து, அப்புறம்தான் கம்பிப் பிரஷ்.

பின் மட்கார்டின் அடியில் இன்னொன்று இருந்தது. பாலும் செம்மண்ணும் சருகும் சேர்ந்து, தோல் மேல் தோலாகப் படிந்து, என் சுண்டுவிரல் கனத்துக்கு ரப்பர். பழுப்பு நிறம், ஓரம் மட்டும் கறுத்திருந்தது. கத்தியால் கீறினால் பெயின்ட் போய்விடும். ஹேர் டிரையரில் சூடு காட்டி, ஓரத்தை நகத்தால் கிளப்பி, மெதுவாக இழுத்தால் பட்டையாக உரிந்து வருகிறது. ஒட்டிக்கொண்டு மிஞ்சியதைப் பெட்ரோலில் நனைத்த துணியால் கொஞ்ச நேரம் மூடி வைத்தால் ஊறி இளகிவிடும். உரித்த இடத்தில் அந்த நீலம் கடையில் இருந்து வந்த அன்றைக்கு இருந்த மாதிரி பளபளத்தது. ஆசிட் படாத பால், காற்றும் தண்ணீரும் போகாமல் அத்தனை வருடமாக அந்த இடத்தைக் காத்திருக்கிறது. பழைய நிறம் சரியாக எது என்று தெரிந்துகொள்ள எனக்குக் கிடைத்த மாதிரியும் அதுதான்.

கழற்றத் தொடங்கும் முன் ஒரு காகித வேலை இருக்கிறது. கிரான், அதாவது வண்டிப் பதிவுப் பத்திரம், யார் பெயரில் இருக்கிறது, அதில் உள்ள எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எஞ்சின் நம்பர் கிராங்க்கேஸின் இடப்பக்கம் அடியில் இருக்கும், மண்ணும் எண்ணெயும் மூடியிருக்கும். டீசலும் பல் துலக்கும் பிரஷும் போதும். நம்பர் பக்கம் கிரைண்டரைக் கொண்டுபோகவே கூடாது. ஒரு எழுத்து அழிந்தாலும் நம்பரைத் திருத்தியதாகச் சந்தேகம் வரும். பெரியப்பா தன் கிரானை ஒரு பிஸ்கட் டின்னில், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருந்தார். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் தொழிலாளிகள் சேர்ந்து பணம் போட்டு வாங்கிய சங்கம் அது. எங்கள் வீட்டில் அந்தப் பத்திரத்துக்கு இருந்த மரியாதை இந்தக் கிரானுக்கும் இருந்தது. எல்லா வீட்டிலும் அப்படி இருக்காது. சொந்தக்காரர் இறந்துபோயிருந்தால் வாரிசு வேலை தனியாக இழுக்கும். அதனால் ஒரு வெள்ளி (ரிங்கிட்) செலவு செய்யும் முன்பே சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே கவுண்டருக்குப் போய், இந்த நம்பரின் பதிவு இன்னும் இருக்கிறதா, மறுபடி ரோட் டாக்ஸ் எடுக்க என்ன வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். ரோட் டாக்ஸ் என்னவோ 150 சிசி வரை ஆண்டுக்கு 2 வெள்ளிதான். பதிவு இல்லாமல் போனால் அந்த 2 வெள்ளியைக் கட்ட வழி இருக்காது.

அப்புறம் கருவிகள். சாதாரண ஸ்பேனரும் சாக்கெட்டும் எல்லாரிடமும் இருக்கும். இந்த வண்டிக்கு அவசியமானது ஜேஐஎஸ் (ஜப்பான் தொழில் தர அளவு) முனை ஸ்க்ரூடிரைவர். ஜப்பான் வண்டியின் கூட்டல் குறி திருகு பார்க்க பிலிப்ஸ் மாதிரிதான் இருக்கும், ஆனால் முனையின் வடிவம் வேறு. பிலிப்ஸ் முனையைப் போட்டு இறுக்கித் திருப்பினால் அது மேலே ஏறி வழுக்கி, தலையை மழித்துவிடும். பழைய ஜப்பான் எஞ்சின்களில் மூடித் திருகெல்லாம் வாய் தேய்ந்து கிடப்பதற்குக் காரணம் இதுதான். அதோடு, சுத்தியலால் தட்டினால் திரும்பும் இம்பாக்ட் டிரைவர் ஒன்று வாங்குங்கள். கைக்கு அடங்குவது போதும். முந்தின ராத்திரியே அசிட்டோனும் ஆட்டோ கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஏடிஎஃப் எண்ணெயும் சரிபாதி கலந்து திருகின் மேல் விட்டு வையுங்கள். கடையில் விற்கும் பல ஸ்ப்ரேக்களைவிட இது நன்றாக உள்ளே இறங்குகிறது. தீப்பற்றும் சாமான், அடுப்படிப் பக்கம் வைக்காதீர்கள். ஃபிளைவீல் கழற்ற அதற்கென்று உள்ள புல்லர் வேண்டும். சுத்தியலால் அடித்துக் கழற்றுகிறேன் என்று காந்தத்தையும் கிராங்க்கையும் சேர்த்துக் கெடுத்த வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கழற்றியதை வைக்க மைலோ டின்கள். ஒவ்வொன்றின் மேலும் எங்கிருந்து வந்தது என்று மார்க்கரில் எழுதி, மூடும் முன் போனில் ஒரு படம். வயர்களுக்கு மகள் சீட்டு கட்டினாள். அவள் கையெழுத்து இன்னும் இரண்டு மூன்று இடத்தில் வண்டிக்குள் இருக்கிறது.

எஞ்சின் இறுகிக் கிடந்தது. நின்ற வண்டி இறுகுவதற்குப் பெரும்பாலும் காரணம் சின்னதாக இருக்கும். எங்கள் வண்டியில் யாரோ அவசரத்துக்கு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வேறு வண்டிக்குப் போட்டிருக்கிறார்கள். துளை திறந்தே கிடந்தது. பேராக் மழைக் காற்று நேராகச் சிலிண்டருக்குள். போதாததற்குக் குளவி வேறு சைலன்சரில் மண்கூடு கட்டியிருந்தது. வண்டியை நிறுத்தி வைக்கிறவர்கள் பிளக்கை மட்டும் எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி ஒரு பழைய பிளக்கையாவது பூட்டிவிடுங்கள்.

கடைத்தெருவில் வெகுகாலம் பட்டறை வைத்திருந்த சீனத் தாத்தா ஒருவர் இருக்கிறார். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகி நம்மைப் போலவே தமிழ் பேசுவார். அஞ்சடியில் (கடை முன் நடைபாதையில்) காப்பி குடித்துக்கொண்டிருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் முதலில் சொன்னது: "கிக்க மிதிக்காத தம்பி. அந்த ஷாஃப்ட் போச்சுன்னா எஞ்சினப் பிளக்கணும்."

அது முழு உண்மை. கிக் ஷாஃப்ட் கிராங்க்கேஸின் இரண்டு பாதிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. இறுகிய எஞ்சினைக் காலால் உதைத்து விடுவிக்கப் பார்த்தால், நூறு வெள்ளியில் முடிய வேண்டியது எங்கேயோ போய்விடும். செய்ய வேண்டியது இதுதான்: பிளக் துளை வழியாக டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி, துளையைத் துணியால் அடைத்து, மறந்துவிட்ட மாதிரி விட்டுவிடுவது. தினமும் வேலை முடிந்து வந்ததும் கொஞ்சம் ஊற்றினேன். ஃபிளைவீல் நட்டில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் லேசாக அழுத்திப் பார்த்தேன். பலம் வேண்டாம், அழுத்திவிட்டு நிறுத்த வேண்டும். ஒரு சாயங்காலம் அது மயிரிழை நகர்ந்தது. நகர்ந்த உடனே சுற்றிவிட ஆசை வரும், சுற்றக்கூடாது. துருத் துகள் ரிங்கோடு சேர்ந்து சிலிண்டர் சுவரைக் கீறும். நகர்ந்தது போதும் என்று நிறுத்தி, ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றினேன். எஞ்சினை ஃபிரேமில் இருந்து இறக்காமலே இதைச் செய்யலாம். இறக்க வேண்டி வந்தாலும் இரண்டே போல்ட்டில்தான் தொங்குகிறது, தூக்க ஒருவர் போதும்.

சிலிண்டர் கையில் வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிஸ்டன் நின்ற இடத்துக்கு மேலே வட்டமாக ஒரு துருக் கோடு, நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. நகம் தட்டினால் மெருகேற்றி ஒப்பேற்ற முடியாது, போரிங் (உள்ளே கடைந்து சற்றுப் பெரிதாக்குவது) செய்ய வேண்டும். சி70-க்குப் போர் (சிலிண்டர் உள்விட்டம்) 47 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 41.4, மொத்தம் 72 சிசி. அதற்கு மேல் 0.25, 0.50, 0.75, 1.00 என்று பெரிய பிஸ்டன் கிடைக்கும். முடிந்தவரை சின்ன அளவில் நிறுத்துங்கள், அடுத்த தலைமுறைக்கும் கொஞ்சம் இரும்பு மிச்சம் இருக்கட்டும். பிஸ்டனை முதலில் வாங்கி, சிலிண்டரோடு சேர்த்து ஈப்போவில் உள்ள போரிங் பட்டறையில் கொடுத்தேன். சிலிண்டரை மட்டும் கொடுத்துவிட்டுப் பிஸ்டனைப் பிறகு வாங்குவது சரியல்ல. இடைவெளி நூறில் சில பங்கு மில்லிமீட்டர்தான், அந்தக் குறிப்பிட்ட பிஸ்டனை அளந்துதான் கடைய வேண்டும். பிஸ்டன், ரிங், போரிங், கேஸ்கெட் செட், வால்வு சீல் எல்லாம் சேர்த்து 400 வெள்ளியை ஒட்டி ஆனது.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. கிராங்க்கேஸ் வாயில் சுத்தமான துணியைத் திணித்துவிட்டுத்தான் பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் கம்பி வளையமான சர்க்ளிப்பைத் தொட வேண்டும். அது துள்ளி உள்ளே விழுந்தால் எஞ்சினைப் பிளப்பது தவிர வேறு வழியில்லை. பழைய சர்க்ளிப்பை மறுபடி போடாதீர்கள், காசு பெறாத சாமான். பிஸ்டன் தலையில் 'ஐஎன்' என்று பொறித்த பக்கம் கார்பரேட்டர் பக்கம் பார்க்க வேண்டும், இந்த எஞ்சினில் அது மேல்பக்கம். ரிங் வாய்கள் ஒரே நேர்க்கோட்டில் வரக்கூடாது, சுற்றிலும் சமமாகப் பிரித்து வையுங்கள். ஹெட் நட்டுகளுக்கு அடியில் உள்ள வாஷர் எல்லாம் ஒன்றல்ல. செம்பு வாஷர் எந்த நட்டுக்கு என்று கழற்றும்போதே படம் எடுத்திருந்தால் இப்போது நிம்மதி. முறுக்கும் அளவு 10 நியூட்டன் மீட்டரை ஒட்டியதுதான், குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக. டார்க் ரெஞ்ச் இரவல் வாங்கியாவது செய்யுங்கள். இதில் பலசாலிகள்தான் ஸ்டட்டை உடைக்கிறார்கள்.

கேம் செயின் பூட்டும்போது ஃபிளைவீலில் 'டி' குறியும், கேம் சக்கரத்தில் 'ஓ' குறியும் அதனதன் இடத்தில் நிற்க வேண்டும். டாப்பெட் (வால்வை அழுத்தும் திருகு) இடைவெளி எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.05 மில்லிமீட்டர். தீப்பொறிக்கான சுவிட்சாகிய பாயின்ட்டின் இடைவெளி 0.3-இலிருந்து 0.4 மில்லிமீட்டருக்குள். ஃபிளைவீலில் 'எஃப்' குறி வரும் நேரத்தில் பாயின்ட் திறக்க வேண்டும். கண்டென்சரைப் புதிதாகவே போட்டுவிடுங்கள், பழையது சூடேறும்போது கைவிடும்.

டேங்க் இந்த வண்டியில் சீட்டுக்கு அடியில். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் சிவப்பாகச் செதில். வெள்ளை வினிகர் நிறைய ஊற்றி, கொஞ்சம் பழைய நட்டுகளைப் போட்டு, அவ்வப்போது குலுக்கி ஊற வைத்தேன். வினிகர் கறுத்து வந்ததும் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றினேன். கடைசியில் சமையல் சோடாத் தண்ணீரில் அலசி, உடனே காய வைக்க வேண்டும். ஈரத்தோடு ஒரு ராத்திரி விட்டால் காலையில் மறுபடி துரு பூத்திருக்கும். காய்ந்ததும் கொஞ்சம் எண்ணெயைப் பெட்ரோலில் கலந்து உள்ளே சுழற்றிவிடுங்கள். போட்ட நட்டுகளை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். கறுத்த வினிகரை வீட்டு முன் லோங்காங்கில் (சாக்கடையில்) ஊற்ற வேண்டாம், அந்தத் தண்ணீர் ஆற்றுக்குத்தான் போகிறது. டேங்க்கில் ஓட்டை இருந்தால், காலி டேங்க்தானே என்று வெல்டிங் பட்டறையில் கொடுக்காதீர்கள். காலி டேங்க்கில் இருக்கும் பெட்ரோல் ஆவிதான் வெடிக்கும். அதைக் கழுவி ஆவி நீக்கத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள், இல்லையென்றால் வேறு டேங்க் தேடுங்கள்.

கார்பரேட்டருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜெட்டுகளைக் கழற்றி கிளீனரில் ஊற வைத்து, மீன்பிடி நைலான் நரம்பால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், பித்தளை மெதுவானது, துளை பெரிதாகிவிடும். ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடி ஒன்றரைச் சுற்றுத் திறந்து அங்கிருந்து தொடங்கலாம்.

மின்சாரப் பக்கத்தில் ஒரு வாதம் எப்போதும் வரும்: 6 வோல்ட்டை வைத்துக்கொள்வதா, 12-க்கு மாற்றுவதா? பட்டறைக்காரர்கள் மாற்றச் சொல்வார்கள். நான் மாற்றவில்லை, மாற்றத் தேவையும் இல்லை என்றே நினைக்கிறேன். பழைய 6 வோல்ட் விளக்கு மங்கலாக எரிவதற்குப் பெரும்பாலும் காரணம் வோல்ட் அல்ல, துருப்பிடித்த எர்த். பச்சை வயர் எங்கெங்கே உடம்போடு சேர்கிறதோ அங்கெல்லாம் சுரண்டிப் பளபளக்க வைத்து இறுக்கினேன். சுவிட்சுக்குள் எறும்பு கூடு கட்டியிருந்தது, அதையும் திறந்து துடைத்தேன். விளக்கு தானாகத் தெளிந்துவிட்டது. ஹோண்டாவில் பச்சை எர்த், சிவப்பு பேட்டரியில் இருந்து வருவது, கறுப்பு சாவி போட்டதும் உயிர் பெறுவது. இந்த மூன்றும் மனதில் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். பேட்டரி இல்லாமலோ செத்த பேட்டரியோடோ ஓட்டாதீர்கள். மிஞ்சும் கரண்டை வாங்கிக்கொள்வது பேட்டரிதான், அது இல்லாவிட்டால் பல்புகள் போகும். நம் நாட்டில் 1992 முதல் மோட்டார் ஓட்டுகிறவர்கள் பகலிலும் முன்விளக்கைப் போட வேண்டும் என்பதால் ஒரு 6 வோல்ட் பல்ப் எப்போதும் கருவிப் பையில் இருக்கட்டும். எல்லாக் கடையிலும் கிடைக்காது.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ கம்ப்ரஸர் காற்றாலோ ஊதாதீர்கள். அந்தக் காலத்துப் பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் குட்டைக் கைகளின் புஷ் தேய்ந்திருந்தால் வண்டி வளைவில் ஆடும். செம்மண் பாதையில் ஓடிய வண்டியில் அது தேய்ந்தேதான் இருக்கும், பார்க்காமலே மாற்றலாம். டயரில் பட்டை நன்றாக இருக்கிறதே என்று விடக்கூடாது. 17 அங்குல டயர் இன்றைக்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும்போது கல்லான பழைய ரப்பரை நம்பி மழை ரோட்டில் போவது வீண். செயின் மூடிக்குள் திறந்து பார்த்தால் பெரியப்பா கடைசியாகப் போட்ட கிரீஸ் இன்னும் ஈரமாக இருந்தது. மூடி இல்லாத வண்டியாக இருந்தால் ஒரு கண்ணி மிஞ்சியிருக்காது. அழகுக்காக அந்த மூடியைக் கழற்றி எறிகிற இளைஞர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பெயின்ட் விஷயத்தில் என் கட்சி தெளிவு. முதலில் ஓட வேண்டும், நிற்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும். பெயின்ட்டில் தொடங்குகிறவர்கள் பளபளப்பான மட்கார்டைச் சுவரில் சாய்த்துவிட்டு எஞ்சினுக்குப் பணமில்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். நான் முழுக்கப் பெயின்ட் அடிக்கவே இல்லை. ஆசிட் தின்ற வலது பக்கத்தை மட்டும் துரு மாற்றும் திரவம் பூசி, ரப்பருக்கடியில் கிடைத்த அந்த நீலத்தை மாதிரி காட்டிக் கலந்து வாங்கி அடித்தேன். மற்ற இடத்தில் சுத்தம் செய்து மெழுகு போட்டதோடு சரி. பின் கேரியரில் பால் வாளி ஆடாமல் உட்காருவதற்காகத் தோட்டத்துப் பட்டறையில் பற்றவைத்த ஒரு இரும்பு வளையம் இருக்கிறது. கம்பெனி சாமான் இல்லை, கழற்றிவிட்டு ஒரிஜினல் கேரியர் போடு என்று நண்பர்கள் சொன்னார்கள். ஒரிஜினல் கேரியர் பெட்டிக்குள் புதிதாகவே கிடைக்கிறது. இந்த வளையத்தை அடித்தவரும் இல்லை, அந்தப் பட்டறையும் இல்லை. கழற்றினால் இன்னொன்று எங்கும் வாங்க முடியாது. அது அப்படியே இருக்கிறது, துரு பிடிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

முதல் தடவை ஸ்டார்ட் செய்யும் முன் பிளக்கைக் கழற்றிவிட்டுச் சும்மா கிக் அடித்து எண்ணெயை மேலே ஏற்றுங்கள். டாப்பெட் மூடியைத் திறந்து அங்கே எண்ணெய் வந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பெட்ரோலைத் திறக்க வேண்டும். எண்ணெய் 0.8 லிட்டர்தான் பிடிக்கும். கிளட்ச் அதே எண்ணெயில்தான் நனைந்து ஓடுகிறது, அதனால் கார் எண்ணெய் வேண்டாம், மோட்டார் சைக்கிளுக்கென்று விற்பதையே ஊற்றுங்கள். இந்த எஞ்சினில் காகித ஃபில்டர் கிடையாது. எண்ணெயை அடிக்கடி மாற்றுவதுதான் அதற்குச் செய்யும் பெரிய உபகாரம். போரிங் முடிந்து ஊற்றிய முதல் எண்ணெயை 100 கிலோமீட்டருக்குள் மாற்றினேன், வடிந்ததில் வெள்ளிப் பொடி மினுங்கியது, புதிய ரிங் உட்காரும்போது அது சகஜம். முதல் 500 கிலோமீட்டர் வரை முழு திராட்டில் கொடுக்காமல், பெரிய கியரில் இழுக்க விடாமல் ஓட்டுங்கள்.

பெரியப்பா பார்வை மங்கிய பிறகு காதால்தான் வண்டியைப் பார்க்கிறார். ஓடத் தொடங்கிய அன்று நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுவிட்டு, "ஒரு வால்வு சத்தம் போடுதுடா, எக்சாஸ்ட்டு பக்கம்" என்றார். குளிர விட்டு அளந்தேன், அந்தப் பக்கம் இடைவெளி கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது. அனுபவம் உள்ள காது வீட்டில் இருந்தால் விலை கொடுத்து வாங்கும் எந்தக் கருவியையும்விட அதை நம்பலாம்.

இப்போது எங்கள் தாமானிலேயே ஒருவர் தன் அப்பாவின் யமஹா ஒய்பி100-ஐ எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அது டூ ஸ்ட்ரோக், கணக்கு வேறு. சி70-இல் செய்த மாதிரி பிஸ்டனை மட்டும் பார்த்துவிட்டு ஓட்டக்கூடாது. நின்ற டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க்கின் இரு பக்க சீலும் காய்ந்து வெடித்திருக்கும். அந்த வழியாகக் காற்று நுழைந்தால் கலவை வறண்டு, புதுப் பிஸ்டன் கொஞ்ச தூரத்திலேயே சூடேறி இறுகிவிடும். எண்ணெய் பம்ப் உண்மையில் எண்ணெய் தள்ளுகிறதா என்று குழாயைக் கழற்றிப் பார்த்து உறுதியாகும் வரை டேங்க்கிலேயே டூ ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்து ஓட்டச் சொல்லியிருக்கிறேன். அவர் அப்பா அந்த வண்டியில் என்ன சுமந்தார் என்று கேட்டேன். செம்பனைக் குலையாம், இரண்டு பக்கமும் மூங்கில் கூடை கட்டி. அப்படியானால் பின் ஸ்போக்கையும் சுவிங் ஆர்ம் புஷ்ஷையும் முதலில் பார்ப்போம் என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை பின் சக்கரத்தைக் கழற்றுகிறோம்.